தும்மல் மாத்திரையும் போடிமெட்டு வளைவும்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். விடியக்காலை போடியில் கிளம்பி, முந்தல் தாண்டி மலை ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்குப் போக வேண்டும். மலையில் 17 கொண்டை ஊசி வளைவு. பின்னால் காய் எடுக்கப் போகிற பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

போன சீசனில் ஸ்டோரில் காய்ந்த காய் மூட்டை ஏற்றியதில் தூசி பட்டுத் தும்மல் பிடித்துக்கொண்டது. எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர். மெடிக்கலில் சொல்லி சிட்ரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை வாங்கி ராத்திரி போட்டேன். இரண்டு நாளில் தும்மல் அடங்கியது. மூன்றாம் நாள் மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரையையும் சேர்த்துப் போட்டுப் படுத்தேன்.

காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரிதான் இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: தூக்கக் கலக்கம் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டியது. பாதி மலையில் ஒரு லாரி இறங்கி வந்தது. ஹாரன் காதில் விழுந்தது, கை அசையவில்லை. முன்சீட்டு அக்கா தோளை உலுக்கி, "தம்பி, ஒடி! ஒடி!" என்று கத்திய பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். லாரிக் கண்ணாடி ஜீப்பின் படுதாவைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மெட்டு வந்து வண்டியை நிறுத்தும்வரை யாருமே பேசவில்லை.

அன்று சாயங்காலமே கேரளத்துப் பக்கம் ஒரு டாக்டரைப் பார்த்தேன். "எப்போழா கழிச்சே?" என்றார். அங்கே கழிச்சது என்றால் சாப்பிட்டது என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இரண்டு அட்டையையும் கொடுத்தேன். சளி மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் குளோர்பெனிரமைன் என்று இருந்ததாம். அதுவும் அலர்ஜி மருந்துதான், பழைய வகை. ஒரே ராத்திரியில் இரண்டு போட்டிருக்கிறேன்.

உடம்பிலேயே சுரந்து தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்கிற பொருள்தான் மூளையை விழிப்பாகவும் வைத்திருக்கிறதாம். பழைய வகை மருந்து மூளைக்குள் போய் அதையும் அமர்த்திவிடும், மறுநாளும் உடம்பில் தங்கும். சிட்ரிசினில் மயக்கம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வாய் வறட்சி, கண் மங்கல், மலச்சிக்கல் எல்லாம் பழைய வகையில் வரும் என்றார்.

பிறகு, "வீட்டில் வயசானவர் யாரும் இதைப் போடுறாங்களா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் உண்டு. என் சளி மாத்திரையைத்தான் அவரும் போட்டார். இரண்டு ராத்திரியாகச் சிறுநீர் பிரியாமல் தவித்தார், நாங்கள் குளிர் என்று நினைத்திருந்தோம். இந்த மருந்து அப்படி அடைக்கும் என்றார். அப்பாவை மறுநாளே காட்டினோம். மாத்திரையை நிறுத்தியதும் சரியானது.

எனக்கு மயக்கம் இன்னும் குறைவான புது வகை அலர்ஜி மாத்திரை, ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராம் எழுதினார். பழச்சாறோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும். உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க மூன்று நாள் வண்டியைத் தொடவில்லை, மச்சான் ஓட்டினான். முதல் இரண்டு நாள் லேசாகத் தலைவலி, அவ்வளவுதான்.

நாலாம் நாள் நானே எடுத்தேன். அக்கா அதே முன்சீட்டில் ஏறி, "என்ன மாத்திரை தம்பி போட்டிருக்க?" என்று கேட்டாள். அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.