சிவப்புத் தாளில் இல்லாத முகம்

2025 பெப்ரவரி 18

விடுமுறைக்கு முன் பள்ளியில் கொடுத்த நகல்தாளை மகள் இன்றுதான் வெளியே எடுத்தாள். 1944இல் நாஜிகள் பாரிஸ் சுவர்களில் ஒட்டிய சிவப்புச் சுவரொட்டி. தங்களை எதிர்த்துப் போராடிப் பிடிபட்டவர்களின் பத்து முகங்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘போலந்து யூதன்’, ‘ஹங்கேரி யூதன்’, ‘ஸ்பானியச் சிவப்பன்’, அதாவது கம்யூனிஸ்ட். மிசாக் மனூஷியனுக்கு ‘ஆர்மேனியன், கும்பல் தலைவன்’. அந்நியர் என்று காட்டிவிட்டால் ஊரே வெறுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அகதியாக வந்த குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெப்ரவரி 19

அவள் எழுதத் தேர்ந்தெடுத்தவர் அந்தப் பத்துப் பேரில் இல்லை. அர்சேன் சக்காரியன், 1916இல் ஒட்டோமான் பேரரசின் சபான்ஜாவில் பிறந்த ஆர்மேனியர். இன அழிப்புக்குத் தப்பிய குடும்பம் பல்கேரியாவுக்கு ஓடியது. 1930இல் பிரான்ஸ், அப்போது அவருக்கு வயது 13. தையல் வேலை. பிறகு மனூஷியனின் குழுவில் சேர்ந்து ஜெர்மன் படையோடு போராடினார். 1943 நவம்பரில் தோழர்கள் பிடிபட, இவர் தப்பினார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததோ 1958இல்! அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பாவின் அகதிப் பயணப் பத்திரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பெப்ரவரி 21

இவ்ரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1944இல் இதே நாளில்தான் பாரிஸுக்கு அருகே மோன் வலேரியன் கோட்டையில் மனூஷியன் உட்பட அந்தக் குழுவின் 22 பேரைச் சுட்டார்கள். குழுவில் இருந்த பெண் ஓல்கா பன்சிக்கை மட்டும் ஜெர்மனிக்குக் கொண்டுபோய், மே 10 அன்று, அவருடைய 32ஆவது பிறந்தநாளில், தலையை வெட்டினார்கள். மகள் கல்லறைப் பெயர்களை உரக்க வாசித்தாள். தடுக்கிய இடத்தில் மறுபடி தொடங்கினாள்.

சென்ற ஆண்டு மனூஷியனையும் மனைவி மெலினேயையும் இங்கிருந்து, பிரான்ஸ் தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள். குடியேறிகளை எதிர்த்தே கட்சி வளர்த்த மரீன் லு பென்னும் அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். அன்று எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை.

பெப்ரவரி 23

சக்காரியன் 2018 வரை, 101 வயது வரை இருந்தார். சுடப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்தார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார். எழுதியதை மகள் வாசித்தபோது அப்பா அவளுடைய மேலங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“தையல்காரரா, பிள்ளை?” என்று கேட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்திவைத்தார்.

யாழ்ப்பாணத்துக் கடையைப் பற்றி அப்பா என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை.

“எங்கள் கடையில் நாங்கள் நான்கு பேர்” என்று தொடங்கி, முதல் பெயரைச் சொன்னார். மகள் தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினாள்.