நெட் அரசியல் அறிவியல் தேறியாச்சு: மேலவைப் பகுதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கை நழுவியது. பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். இந்த மனநிலையிலேயே எழுதிவிட வேண்டும், ஒரு மாதம் போனால் நானும் எல்லோரையும் போல "திட்டமிட்டுப் படியுங்கள், தன்னம்பிக்கை முக்கியம்" என்று ஆரம்பித்துவிடுவேன்.

முதல் தாளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அதை என்னைவிட நன்றாக எழுதியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சிலபஸ், கட் ஆஃப், நெகட்டிவ் மார்க் இல்லை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது இரண்டாம் தாளில் ஒரே ஒரு விஷயம்: மேலவையில் (நாடாளுமன்றத்தில் மாநிலங்களவை, சில மாநிலங்களில் சட்ட மேலவை) கட்சிகளின் பலம் எப்படி, எப்போது மாறுகிறது. ஒரு தலைப்புக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பீர்கள். ஒப்பியல் அரசியல், இந்திய அரசியல் நிறுவனங்கள், கட்சிகளும் தேர்தலும் என்று மூன்று பக்கமும் இது தலைகாட்டும். பொருத்துக, கால வரிசை, கூற்று-காரணம் என்று எந்த வடிவத்திலும் கேட்கலாம். எனக்கு வந்த ஷிஃப்டில் நான் துளியும் யோசிக்காமல் டிக் செய்த கேள்விகள் இந்தப் பகுதியில் வந்தவைதான்.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பத்தாவது வரை தமிழ் மீடியம், டிகிரி திருப்பதியில் இங்கிலீஷில். எல்லையில் பிறந்ததில் வேறு என்ன லாபமோ, அரசியல் அறிவியல் படிக்கிறவளுக்கு இரண்டு மாநிலம் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-ல் போய்விட்டது, இந்தப் பக்கம் 1985-ல் போய் 2007-ல் திரும்பி வந்தது. 2020 ஜனவரியில் மூன்று தலைநகர் மசோதா (ஆந்திராவுக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று தலைநகர்) ஆந்திர மேலவையில் மாட்டிக்கொண்டபோது திருத்தணியிலிருந்து வந்திருந்த மாமா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, 151 பேர கையில வச்சிக்கிட்டு ஒரு மசோதாவ பாஸ் பண்ண முடியலன்னா அது என்ன ஆட்சி?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. பின்னால் சென்னையில் ஒரு கோச்சிங்கில் பணம் கட்டிச் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம்), அங்கே மேலவைக்குக் கொடுத்த நோட்ஸ் அரைப் பக்கம். மாநிலங்களவை நிரந்தர அவை, கலைக்க முடியாது, மூன்றில் ஒரு பங்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓய்வு, உச்சவரம்பு 250, நியமனம் 12. மாமாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. சந்தேகம் கேட்டால் "அதெல்லாம் வராது" என்றார்கள். வந்தது.

சரி, நான் செய்தது இதுதான். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் நாலு கட்டம்.

1. இந்த இடத்துக்கு ஓட்டுப் போடுகிறவர் யார்
2. அந்த ஓட்டுப் போடுகிறவர் எந்தத் தேர்தலில் வந்தவர்
3. ஒரே நேரத்தில் எத்தனை இடம் காலியாகிறது
4. நடுவில் காலியானால் எப்படி நிரப்புகிறார்கள்

எந்த நாட்டு மேலவையாக இருந்தாலும் இந்த நாலை நிரப்புங்கள். யார் பெரும்பான்மை என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம், அது தானாக வரும். எங்கள் ஊர் விசைத்தறிக்காரர்களுக்குச் சொல்வதென்றால், இன்று தறியில் இறங்கும் சேலையின் நிறம் பாவு ஏற்றிய அன்றே முடிவாகிவிட்டது.

ஆந்திராவை இதில் போட்டுப் பாருங்கள். சட்ட மேலவையில் 58 பேர்: எம்எல்ஏக்கள் தேர்ந்தெடுப்பது 20, உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பது 20, பட்டதாரிகள் 5, ஆசிரியர்கள் 5, ஆளுநர் நியமனம் 8. 2019 சட்டமன்றத் தேர்தலில் ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் 175-ல் 151 எடுத்தது, தெலுங்கு தேசத்துக்கு 23. ஆனால் மேலவையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் தெலுங்கு தேச ஆட்சிக்காலத்தில் வந்தவர்கள், ஆளுங்கட்சிக்கு அங்கே ஒற்றை இலக்கம்தான். அதனால்தான் 2020 ஜனவரி 22 அன்று அவைத்தலைவர் ஷரீஃப் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப முடிந்தது. ஐந்தே நாளில், 27-ம் தேதி, மேலவையையே கலைக்கச் சொல்லிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 169-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் அது நடக்கும், போடவில்லை. (அந்தச் சட்டம் 368-ன் கீழ் அரசியலமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது, இதைக் கூற்று-காரணத்தில் எதிர்பாருங்கள்.) 2021-ல் உள்ளாட்சித் தேர்தல்களை ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் அள்ளியது, அந்த வருடக் கடைசியில் உள்ளாட்சிக் கோட்டாவில் 11 இடமும் போட்டியின்றி அவர்களுக்கே. பெரும்பான்மை கைக்கு வந்தாயிற்று. 2021 நவம்பரில் கலைப்புத் தீர்மானம் வாபஸ்! என்.டி.ராமாராவுக்கும் இதே நிலைமைதான், 1983-ல் 294-க்கு 201 எடுத்து வந்தவர் காங்கிரஸ் கையிலிருந்த மேலவையோடு மோதி 1985-ல் அதை ஒழித்தார். கொள்கைக்காக மேலவையை எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த இரண்டு கதையையும் படித்தபிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் தேர்வில் அதற்கு மார்க் கிடையாது.

பிறகு 2023 மார்ச். பட்டதாரித் தொகுதிகள் மூன்றையும் தெலுங்கு தேசம் எடுத்தது, அதில் எங்கள் பிரகாசம்-நெல்லூர்-சித்தூரும் ஒன்று. அக்காவுக்கு ஓட்டு இருந்தது, எனக்கு இல்லை, டிகிரி முடித்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். அதே மாதம் எம்எல்ஏ கோட்டாவில் ஏழு இடம், 175-ஐ எட்டால் (காலியிடம் ஏழோடு ஒன்று) வகுத்தால் 21.8 சொச்சம், ஆக 22 ஓட்டு வேண்டும். தெலுங்கு தேச வேட்பாளர் பஞ்சுமர்த்தி அனுராதா 23 வாங்கினார், ஆளுங்கட்சியிலிருந்து ஓட்டு மாறி விழுந்தது. அந்தத் தேர்தல் ரகசிய வாக்கு. மாநிலங்களவைத் தேர்தல் 2003 திருத்தத்துக்குப் பிறகு வெளிப்படை வாக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாநிலங்களவைக்கு வருவோம். கோட்டா, அதாவது ஒரு இடம் ஜெயிக்கத் தேவையான ஓட்டுக் கணக்கு: எம்எல்ஏ எண்ணிக்கையை, காலியிடத்தோடு ஒன்று கூட்டி, அதால் வகுத்து, கொஞ்சம் மேலே. தமிழ்நாட்டில் ஆறு ஆறாகக் காலியாகும், 234-ஐ 7-ஆல் வகுத்தால் 34 ஓட்டு. ஆந்திராவில் நாலு இடம் என்றால் 36, மூன்று இடம் என்றால் 44. கேரளத்தில் 140 பேர், மூன்று இடத்துக்கு 36. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு ஜோடி போதும். 2021-ல் ஆட்சியை இழந்த அதிமுக 66 எம்எல்ஏவும் கூட்டணியும் வைத்து 2022 ஜூனில் இரண்டு இடம் வாங்கியது. 2020 ஜூனில் ஆந்திராவில் நாலு இடத்துக்கு நிறுத்தப்பட்ட தெலுங்கு தேச வேட்பாளர் 17 ஓட்டோடு தோற்றார், நாலும் ஒய்எஸ்ஆர் காங்கிரசுக்கு. இப்படியே போய் 2024 ஏப்ரலில் ஆந்திராவின் 11 மாநிலங்களவை இடமும் ஒரே கட்சியிடம். ஜூனில் சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்ததும் 11 எம்எல்ஏ! தெலுங்கு தேசக் கூட்டணிக்கு 164. சட்ட மேலவையிலும் அப்போது ஒய்எஸ்ஆர் காங்கிரஸ்தான் பெரும்பான்மை. ஆட்சி ஒருநாளில் மாறியது, மேலே எதுவும் அசையவில்லை.

நாலாவது கட்டத்தை யாரும் படிப்பதில்லை, நான் அதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். இடைத்தேர்தல் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக நடக்கும்போது விகிதாசாரம் என்பது செத்துப்போகிறது, சட்டமன்றப் பெரும்பான்மை உள்ளவருக்கே எல்லாம். 2019-ல் அமித் ஷாவும் ஸ்மிருதி இரானியும் மக்களவைக்குப் போனதால் குஜராத்தில் காலியான இரண்டு இடமும் அப்படித்தான் பாஜகவிடமே நின்றன. 2021-ல் தமிழ்நாட்டில் அதிமுக வைத்திருந்த மூன்று இடம், ஒன்று மரணத்தால், இரண்டு எம்எல்ஏ ஆனதால், காலியாகி மூன்றும் திமுகவுக்குப் போனது. ஆந்திராவில் 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜனவரிக்குள் நாலு பேர் ராஜினாமா, அதில் இரண்டு தெலுங்கு தேசத்துக்கு, இரண்டு பாஜகவுக்கு. ஏன் ராஜினாமா, ஏன் நேராகக் கட்சி மாறவில்லை? பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து போனால்தான் தப்பிக்கலாம். 2019 ஜூனில் தெலுங்கு தேசத்தின் ஆறு மாநிலங்களவை உறுப்பினர்களில் நாலு பேர் பாஜகவில் இணைந்தது அந்தக் கணக்கில்தான், தேர்தலே இல்லாமல்.

டெல்லி வரலாற்றில் மூன்று தேதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1970, மன்னர் மானிய ஒழிப்பு மசோதா (முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்த பணத்தை நிறுத்துவது) மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைந்தது ஒரு முழு ஓட்டுகூட இல்லை, ஒரு ஓட்டின் பின்னம்தான். 1977, மக்களவையில் ஜனதா, மாநிலங்களவையில் காங்கிரஸ், அதனால் 44-வது திருத்தம் சில பகுதிகளை இழந்துதான் நிறைவேறியது. 1989, நானூறுக்கு மேல் மக்களவை இடம் வைத்திருந்த ராஜீவ் காந்தியின் பஞ்சாயத்துத் திருத்தம் மாநிலங்களவையில் விழுந்தது. திருத்த மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது, அதுதான் மூன்றுக்கும் பொது.

வெளிநாடு, வேகமாக:

அமெரிக்கா. 1913 வரை மாநில சட்டமன்றங்கள்தான் செனட்டரை அனுப்பின, அதாவது நம் மாநிலங்களவை மாதிரி. 17-வது திருத்தம் நேரடித் தேர்தலாக்கியது. ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் எந்த வகுப்பு (செனட்டர்களின் மூன்று பிரிவுகளில் ஒன்று) அந்த வருடம் களத்தில் இருக்கிறது என்பதே பாதி முடிவு: 2018-ல் கீழவையை ஜனநாயகக் கட்சி பிடித்தது, செனட்டிலோ குடியரசுக் கட்சி கூடுதலாக இரண்டு இடம் பெற்றது. 2001-ல் ஜெஃபர்ட்ஸ் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர் கட்சியை விட்டதும் செனட்டே கைமாறியது. 2021 ஜனவரியில் ஜார்ஜியா மறுதேர்தலுக்குப் பிறகு 50-50, சமநிலையை உடைத்தது துணை அதிபர் ஓட்டு.

ஜெர்மனி. மேலவைக்குப் பதவிக்காலமே இல்லை, மாநில அரசுகளின் பிரதிநிதிகள்தான் உட்காருகிறார்கள். எனவே ஒரு மாநிலத் தேர்தல் போதும். 1999 ஹெஸ்ஸனில் தோற்று ஷ்ரோடர் கூட்டணி மேலவைப் பெரும்பான்மையை இழந்தது, 2010 வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் மெர்கல் கூட்டணி.

பிரான்ஸ். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் நகராட்சி மன்றப் பிரதிநிதிகள். 2011-ல் ஐந்தாம் குடியரசில் முதல் தடவையாக இடதுசாரிகள் செனட்டைப் பிடித்தார்கள், 2014 மார்ச் நகராட்சித் தேர்தலில் அடி வாங்கி அதே செப்டம்பரில் இழந்தார்கள். ஆந்திர உள்ளாட்சிக் கோட்டாவைப் புரிந்துகொண்டவருக்கு இது இலவசம்.

ஜப்பான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாதி இடம். 2007, 2025 இரண்டிலும் ஆளுங்கட்சித் தரப்பு மேலவையை இழந்தது.

ஆஸ்திரேலியா 1975. காலியான செனட் இடத்துக்குக் குயின்ஸ்லாந்து மாநிலம் அந்தக் கட்சி முன்மொழியாத வேறு ஆளை அனுப்பியது, 1977 கருத்தெடுப்புக்குப் பிறகு அதே கட்சி ஆளைத்தான் போட வேண்டும். நாலாவது கட்டம், மறுபடியும்.

இனி துண்டு துண்டாக:

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் பேசினால் நாலு பேர் தூங்குகிற இடம் அது. உங்களுக்கு ஒத்துவந்தால் சரி.

சார்ட்டை நீங்களே வரையுங்கள், என்னுடையதைக் கேட்காதீர்கள். வரையும்போதுதான் மண்டையில் ஏறுகிறது, வாங்கி ஒட்டினால் அது காலண்டர்.

மேலவைத் தேர்தல் செய்தியைப் பார்த்தால் ஜெயித்தவர் பெயரை விடுங்கள், காலியிடத்தையும் கோட்டாவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாக் டெஸ்ட் நிறைய எழுதச் சொல்வார்கள். நான் கொஞ்சம்தான் எழுதினேன், அவற்றில் பாதி விடையே தப்பு.

விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபம் போடக் கேள்விக்கு 200 ரூபாய். பிரிவு எண் கையில் இருந்தால் மட்டும் போடுங்கள்.

சார்ட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் ஆந்திராதான். 2020 ஜூனில் நிரம்பிய நாலு இடங்களின் ஆறு வருடம் 2026 ஜூனில் முடிகிறது, கோட்டா 36, 2024-ல் ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் ஜெயித்தது 11. மீதியை நீங்களே போடுங்கள். அதை முடித்துவிட்டு பீகார், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, மேலவை இருக்கும் மற்ற ஐந்தும்.