எக்செல் அட்டவணையும் ஒரு ஸ்டெப்னியும்

பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி எக்செலில் ஓர் அட்டவணை போட்டேன். அதிகாலை 5.00 புறப்பாடு, 7.40 சிற்றுண்டி, மாலை 4.30க்குப் போய்ச் சேர்தல். 'எதிர்பாராத தாமதம்' என்று தனியாக ஒரு கட்டம் வைத்து அதற்குத் தாராளமாக 15 நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அந்த 15 நிமிடமும் வாசலிலேயே தீர்ந்துவிட்டது. கேஸை மூடினோமா என்று பார்க்க மனைவி இரண்டு தடவை உள்ளே போய் வந்தாள். இரண்டு தடவையும் மூடித்தான் இருந்தது.

மூன்றாவது மணி நேரத்தில் பின்பக்கம் 'டப டப' என்று சத்தம். இடது டயர் படுத்துவிட்டது.

"ஸ்டெப்னி இருக்கு மாமா, பத்து நிமிஷ வேலை" என்றான் மச்சான். இருந்ததுதான், டிக்கியின் அடியில். அதன்மேல் ஐந்து பேரின் நான்கு நாள் வாழ்க்கை இருந்தது. எல்லாவற்றையும் இறக்கிச் சாலையோரம் பரப்பினோம். அம்மா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, "பெட்டி என்ன விலைம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மச்சான் அதற்குள் ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டான். ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் நட்டு அசையவில்லை, சக்கரம்தான் சுற்றுகிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட்டு அப்புறம்தான் தூக்க வேண்டும். சரி என்று இறக்கினோம். அப்போதும் நட்டு மசியவில்லை. கடைசியில் நானே ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். 'கிரீச்' என்று இளகியது.

"எடை கூடிடுச்சுன்னு தினம் புலம்புவீங்களே, இன்னைக்கு அதுதான் கைகொடுத்துச்சு" என்றாள் மனைவி.

இந்த நேரம் பார்த்து மகன் போனிலிருந்து வாசிக்கிறான்: "அப்பா, ஸ்டெப்னிங்கிறது ஒரு தெருப் பேராம்! வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல இருக்கு. 1904ல அங்கேதான் கண்டுபிடிச்சாங்களாம். அப்பல்லாம் பஞ்சரான சக்கரத்தைக் கழட்டவே வேண்டாமாம், அது மேலேயே மாட்டிக்கலாமாம்." நான்காவது நட்டில் தொங்கிக்கொண்டிருந்தவனிடம் சொல்லக்கூடிய செய்தியா இது?

ஒருவழியாக மாட்டி ஜாக்கியை இறக்கினோம். ஸ்டெப்னி சத்தமே இல்லாமல் தரையோடு தரையாக உட்கார்ந்தது.

வண்டி வாங்கி மூன்று வருடம். ஸ்டெப்னிக்குக் காற்றுப் பார்த்ததே இல்லை. சும்மா கிடந்தாலும் டயரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கசியும். 33இல் ஆரம்பித்தால் 36 மாதத்தில் என்ன மிஞ்சும் என்று மகன் கணக்குப் போட ஆரம்பித்தான். வேண்டாம்டா, கண்ணெதிரேதான் கிடக்கிறது என்றேன்.

கையைக் காட்டியதில் ஒரு லாரி நின்றது. பிரேக்குக்காக லாரியிலேயே காற்று டேங்க் இருக்கும். டிரைவர் அண்ணன் அதிலிருந்து ஒரு குழாயை இழுத்து ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிட்டார். காசு வாங்க மறுத்தவர், பரப்பியிருந்த பெட்டிகளை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சிரித்தார்.

மதியம் மலையேற்றம். வெளியே நெருப்பு வெயில். டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. ஒதுங்கி நிற்க இடமே இல்லாத சாலை. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும் வித்தை அது. இழுத்தது. மச்சானின் மூக்குக்கண்ணாடி வழுக்கி மடியில் விழுந்தது. பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் மெதுவாக வந்தது: "குளிருதுன்னு நான் ஒண்ணும் சொல்லலையேப்பா."

வளைவு தாண்டி ஓர் இடம் கிடைத்தது. நிறுத்திய உடனே மச்சான் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். சூட்டோடு திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் மூஞ்சியிலேயே பீய்ச்சி அடிக்கும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால், ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்து அந்த வழியாகத்தான் ஒழுகியிருக்கிறது. மச்சானே அதை முடுக்கினான். அன்று முதல் தடவையிலேயே சரியாக நடந்த வேலை அது ஒன்றுதான். கூலண்ட் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம்.

போய்ச் சேரும்போது இரவு 9.50. பெட்டிகளை இறக்குவதற்கு முன்னால் போனில் அட்டவணையைத் திறந்து, தாமதக் கட்டத்தில் 15ஐ அழித்துவிட்டு 320 என்று அடித்துக்கொண்டிருந்தேன். மனைவி மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க... கேஸ் சரி. மாடிக் குழாயை மூடினோமா?"