இரவுக் கணக்கு

மே 6
பையனின் ரத்த அழுத்தம் காலை 118/76. மாலை 122/78. மாலை எடுத்தபோது அழுதுகொண்டிருந்தான், அதைச் சேர்க்கவில்லை.

மே 7
பட்டை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை. மறுபடியும் அந்தப் பட்டைதான்.
அவன் புஜத்தைச் சுற்றி டேப் வைத்தேன், 17 செ.மீ. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையில் 80லிருந்து 100 சதவீதம்வரை சுற்றி வர வேண்டும். சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும். பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். ஒரு வருடம் பக்கத்து கிளினிக்கில் பெரியவர்களின் பட்டையைத்தான் இவன் கையில் சுற்றினார்கள். முழங்கைக்குக் கீழே வரை இறங்கி நின்றது, என் கண்ணிலேயே இருக்கிறது. "105, நார்மல்மா" என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். பெரியவர்களுக்கு 120 நல்ல எண். 8 வயதுப் பிள்ளைக்கு வயது, உயரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அந்தக் கணக்கில் 120 அதிகம். இதை யாராவது ஒருவர் அப்போதே சொல்லியிருக்கலாம்.
தலைவலி என்றுகூட ஒரு நாளும் சொன்னதில்லை. ஓடுகிறான், ஆடுகிறான்.

மே 8
மாடியில் வடகம் காய்கிறது. காக்கா விரட்ட அவனை உட்கார வைத்திருக்கிறார் அத்தை. போய்ப் பார்த்தால் பாதி காய்ந்ததைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறான். கத்திவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தனியாக ஒரு சின்னத் துணியில் உப்பில்லாமல் பிழிந்து வைத்திருந்தார். உப்பில்லாத வடகம். அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

மே 11
ராக்ஃபோர்ட் ரயிலில் சென்னைக்கு. கீழ் பெர்த் கிடைத்தது. இரவில் இரண்டு முறை பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன், வழக்கம்போல.

மே 12
24 மணி நேரமும் அழுத்தம் பார்க்கும் மெஷினைக் கட்டிவிட்டார்கள். இடுப்பில் ஒரு பெட்டி, கையில் பட்டை (சரியான அளவுதான், நானே டேப் வைத்துப் பார்த்தேன், நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை). பகலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, இரவில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை. அது இறுக்கும்போதெல்லாம் கையை அசைக்காமல் சிலைபோல நிற்கிறான். "அம்மா, அது என்னைக் கட்டிப் பிடிக்குது."

மே 13
லாட்ஜில் ஒவ்வொரு அரை மணிக்கும் அந்தச் சத்தம். அவன் தூங்கினான்.

மே 16
மெஷின் காட்டியதில் பகல் அழுத்தம் பரவாயில்லை. இரவு இறங்கவில்லை. தூங்கும்போது பகலைவிட 10 சதவீதமாவது இறங்க வேண்டும், இவனுக்கு இறங்குவதே இல்லை. அப்படியானால் இத்தனை நாள் நான் பகலில் எழுதிய நோட்டு எதற்கு? எக்கோ ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது. அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது குறைய வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். ஐரோப்பாவில் இவனைப் போலச் சிறுநீரகக் கோளாறு உள்ள 385 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வைப் பற்றியும் சொன்னார். 2009இல் முடிவு வந்தது. எல்லோருக்கும் ராமிப்ரில் என்ற அழுத்த மாத்திரை. ஆனால் ஒரு பாதிப் பேருக்கு அழுத்தத்தை இன்னும் கீழே, அதே வயது உயரப் பிள்ளைகளின் நடு அளவுக்கும் கீழே வைத்தார்கள். 5 வருடத்தில் சிறுநீரக வேலை பாதியாகக் குறைந்ததோ அடியோடு நின்றதோ, அந்தக் குழுவில் 100க்கு 30 பேருக்கு. மற்ற குழுவில் 42.

மே 17
42இல் 30 போனால் 12.

மே 18
அந்த 12 பேரில் ஒருவனாக இவன் இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை தாயே.

மே 19
இவனுக்கு அதே வகை மாத்திரை, எனாலப்ரில் 2.5 மி.கி., காலையில். ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. வாந்தி, பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யச் சொன்னார். பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். அக்காக்காரி அதற்குக் கீழே பூ வரைந்து வைத்திருக்கிறாள்.

மே 23
இரண்டு இருமல். மாத்திரையா, ஃபேனா?

மே 24
இருமல் இல்லை. 114/72.

மே 26
ரத்தம் எடுத்தோம். பொட்டாசியம் 4.9. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இந்த மாத்திரைக்கு இவ்வளவு ஏறலாம், தொடரலாம் என்றார். அவர் சொல்லிவிட்டார், சரி. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மே 29
விடியற்காலை முதல் வாந்தி. அப்புறம் பேதி. 4 தடவை. பிரிட்ஜைப் பார்த்தேன், மாத்திரை கொடுக்கவில்லை. டாக்டர் போனை எடுத்தார். "நல்லா சாப்பிட்டு, குடிக்கிறவரைக்கும் மாத்திரை வேண்டாம். மூத்திரம் எவ்வளவு போகிறான்னு பாருங்க. அங்கே திருச்சியிலேயே இன்றைக்கே ரத்தம் எடுங்க."
மதியம் 98/58.
98. இந்த எண்ணுக்குத்தான் ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை எடுத்தேன், 96. பட்டை சரியாகத்தான் இருக்கிறது. உதடு காய்ந்திருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, கேட்டால் பதில் மெதுவாக வருகிறது. இந்த எண் எனக்கு வேண்டாம்.

மே 29, மாலை
லேபில் 7 மணி என்கிறார்கள். அவர் பைக்கை வெளியே எடுத்துவிட்டார். ஒரு டம்ளர் குடித்தான், தங்கியது. காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் மூத்திரம்