குடும்பமாகப் புறப்படுகிறோம்

அடுத்த மாதம் கென்யாவுக்குக் கிளம்புகிறோம். ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம். மனைவி நர்ஸ், நான் லேப் டெக்னீசியன். பிள்ளைகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாச்சு. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைச் சின்னவள் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் தரமாட்டேன் என்கிறாள்.

"உங்களுக்கு அழைப்பு, சரி. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து மனைவி ஹாரியட்டோடும் சின்னக் குழந்தையோடும் கப்பலேறினார். யாழ்ப்பாணம் போய்ச் சேரும் முன்பே, கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகும் ஹாரியட் அம்மா ஊர் திரும்பாமல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்தார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதேயில்லை. பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அந்தத் தாயின் துக்கத்துக்கு ஈடுகட்ட எனக்கு மனம் வரவில்லை.

பயம் எங்களுக்கும் இருக்கிறது. கர்த்தர் கூப்பிட்டார் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. ஊரில் தனியாக இருக்கப்போகும் அம்மாவுக்காகவும், பெரியவன் படிப்புக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபம். முடிந்தவர்கள் கட்டாயம் வாங்க.