பெரியம்மாவின் கோழியும் என் ரிபீட் வைவாவும்

ஹெர்பீஸ் வைரஸ் எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற பகுதியை முதற்தடவை நான் பாடமாக்கித்தான் கொண்டுபோனேன். ஏஎல் வரைக்கும் தமிழில் படித்த எனக்கு, ஆங்கிலக் குறிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் ஒப்புவிப்பதுதான் பாதுகாப்பாகப் பட்டது. வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், ஒரேயொரு குறுக்குக் கேள்வி வந்தது: "வைரஸ் பெருகி, கலத்தை அழித்துவிட்டு வெளியேறும் என்று இப்பதானே சொன்னீர்? அழிந்த கலம் கட்டியாக வளர்வது எப்படி?" வாயே திறக்கவில்லை. அந்தப் பாடம் ரிபீட்.

ஜூனியர்களுக்குக் குப்பி (கம்பஸில் நாங்களே நடத்தும் உதவி வகுப்பு) எடுக்கும்போது பார்க்கிறேன், மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஸ்டடி லீவுக்குத் திருகோணமலைக்கு வந்திருந்தேன். உவர்மலை வீட்டில் ஆட்களின் போக்குவரத்து அதிகம், இருந்து படிக்கேலாது. கொப்பிகளைக் கட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கூட்டில் ஒரு குமர்க்கோழி ஒரு கால் முன்னுக்கும் மற்றக் கால் பின்னுக்குமாக விழுந்து கிடந்தது. "வாதம் வந்திட்டுது பிள்ளை" என்றா பெரியம்மா. அறுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மாரெக் நோய் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற படம் அப்படியே கண்முன்னால் கிடந்தது. ஹங்கேரியின் மிருக வைத்தியர் யோசெப் மாரெக் 1907இல் விவரித்த நோய் அது. அதற்குக் காரணம் ஒரு ஹெர்பீஸ் வைரஸ் என்று தெரியவர இன்னும் அறுபது வருடம் பிடித்தது.

படித்ததையெல்லாம் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வசனத்திலேயே மறித்தா: "கிருமி சாக்காட்டின கலம் பிறகு எப்பிடி வளரும்?" வைவாவில் கேட்ட அதே கேள்வி! தமிழில் கேட்டபோதுதான், எனக்கு விடை தெரியாததற்கு ஆங்கிலம் காரணமில்லை என்று உறைத்தது.

விடை இதுதான். ஹெர்பீஸ் என்ற குடும்பத்து வைரஸ்களுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்றில் பெருகிக் கலத்தைக் கொல்லும். மற்றதில் ஒருசில ஜீன்களை மட்டும் இயக்கிக்கொண்டு கலத்துக்குள் பதுங்கிக் கிடக்கும். புற்றுநோய் முளைப்பது பதுங்கிய கலத்தில்தான். கோழியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மாரெக் வைரஸ் தூசியோடு சுவாசத்தில் உள்ளே போய், முதலில் பெரும்பாலும் பி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களில் பெருகி அவற்றை அழிக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் ரி கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களுக்குள் போய் அடங்கிவிடுகிறது. அங்கே தன் டிஎன்ஏயைக் கோழியின் நிறமூர்த்த நுனிகளில் செருகிக்கொள்கிறது. பிறகு 'மெக்' என்ற புரதத்தைச் செய்கிறது. கலத்தைப் பிரியச் சொல்லும் கோழியின் சொந்தப் புரதமான 'ஜுன்' போன்ற அமைப்புடையது இது, அதோடேயே சோடி சேர்ந்து வேலை செய்யும். ரி கலங்கள் நிற்காமல் பிரிந்து பெருகி நரம்புக்குள் நிறைகின்றன, நரம்பு தடிக்கிறது, கால் விழுகிறது. இன்னொரு பக்கம், இறகு முளைக்கிற குழிகளில் அதே வைரஸ் முழுதாகப் பெருகித் தோல்தூசியோடு அடுத்த கோழிக்குப் போகிறது. இரண்டு வாழ்க்கையும் ஒரே கோழிக்குள்!

இந்த ஒரு கோழியை வடிவாகப் படித்தாலே மற்றவை தாமாக வந்து ஒட்டும். அமெரிக்காவின் சிறுத்தைத் தவளையில் இன்னொரு ஹெர்பீஸ் வைரசால் வரும் சிறுநீரகப் புற்றை 1930களில் லூக்கே என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். குளிர்காலத்துக் கட்டியில் வைரஸ் நிறையத் தெரியும், கோடைக் கட்டியில் துகளே தெரியாது. குளிரே இல்லாத நம்மூரில் இருந்துகொண்டு இதைக் கற்பனை செய்யக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் பெருகுதல், பதுங்குதல் என்ற பிரிவு இதில்தான் எனக்கு நன்றாகப் பதிந்தது. அதே குடும்பத்துச் சைமிரி வைரஸ் அணில் குரங்குக்கு ஒன்றும் செய்யாது, மார்மொசெட் குரங்குக்குப் போனால் ரி கலப் புற்று. ஒரு வரி போதும்.

மனிதருக்கு அதே குடும்பத்து எப்ஸ்டீன்-பார் வைரஸ். உகண்டாச் சிறுவர்களின் தாடைக்கட்டி பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிட் 1961இல் லண்டனில் பேசியதைக் கேட்டிருந்த எப்ஸ்டீன், 1964இல் அந்தக் கட்டிக் கலங்களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் வைரசைக் கண்டார். இதன் 'எல்எம்பி ஒன்று' என்ற புரதம், பி கலத்தின் மேலிருந்து 'வளர்' என்ற செய்தியை வாங்கும் சிடி நாற்பது என்ற புரதத்தைப் போல நடிக்கிறது. வெளியிலிருந்து யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும் என்று குப்பியில் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை. 1994இல் கண்டுபிடித்த, கபோசி என்ற புற்றோடு வரும் ஹெர்பீஸ் வைரஸ் வேறு வழி பிடிக்கிறது. அதன் 'லானா' புரதம், கலம் கண்டபடி பிரியாமல் தடுக்கும் பிரேக்கான பி ஐம்பத்துமூன்று என்ற புரதத்தையே பிடித்து வைத்துவிடும்.

ஒரு இடத்தில் கவனம். "புற்றாக்கலாம்" என்று எழுதுங்கள், "புற்றாக்கும்" என்று எழுதாதீர்கள். வளர்ந்த மனிதரில் மிகப் பெரும்பாலானோரின் உடலில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறது, புற்று வருவது மிகச் சிலருக்கு. பேர்கிட் கட்டியில் கலத்தின் சொந்த வளர்ச்சி ஜீனான 'மிக்' இடம்மாறுவதும் மலேரியாவும் கூடச் சேர்கின்றன. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்சைப் புற்று வைரஸ் பட்டியலில் போட்டுவிடவும் வேண்டாம். 1971இல் அதன் இரண்டாம் வகையைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்து, ஹாம்ஸ்டர் கலங்களை ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களாக உருமாற்றினார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும் அதுதான் காரணமாக இருக்கலாம் என்று கொஞ்சக்காலம் நம்பினார்கள். கடைசியில் காரணம் பப்பிலோமா வைரஸ். அதைக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு.

திரும்ப வைவாவுக்குப் போவதற்கு முதல் நாள் பெரியம்மாவிடம் இன்னொரு முறை முழுதாகச் சொன்னேன். கோழிக்கூட்டைக் கூட்டிக்கொண்டே கேட்டா: "அப்ப, ஒரு நாள் குஞ்சிலயே ஊசி போட்டா இந்தக் கிருமி கோழிக்குள்ள வராதோ?"

அடுத்த நாள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, கிட்டத்தட்ட அதே கேள்வி. "வரும் சேர்" என்றேன். "ஊசி கட்டியைத்தான் தடுக்கும். வைரஸ் உள்ளே போகும், இறகுத் தூசியில வெளியிலயும் வரும்."