காட்டுக்குப்பத்துச் சேறு

ஜனவரி 4
காலை ஆறு மணிக்கே காட்டுக்குப்பம் போய்விட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் வற்றியிருந்தது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே, மேலே படிந்த அனல்மின் சாம்பலை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்தில் சேறு எடுத்தேன். கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "இன்னாம்மா, சேத்த அள்ளிக்கினு போறே?" என்றார். மருந்து தேடுகிறேன் அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அந்தாண்ட வா, சாம்பல் படியாத சேறு அங்கதான் கீது" என்று இடுப்பளவு நீரில் முன்னால் நடந்தார். ஐந்தாவது பை அவர் காட்டிய இடத்துச் சேறு.

ஜனவரி 5
சேற்றை உலர வைத்திருக்கிறேன். காய்ந்து சூடேறினால் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தின் வித்துகள் தாங்கும். பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தருபவை இந்த பாக்டீரியாக்களே; எனக்கு வேண்டியவை அவைதான். முதல் மழையில் எழும் மண்வாசனையும் இவை தருவதே. அதற்குக் காரணமான பொருளின் பெயர் ஜியோஸ்மின்.

ஜனவரி 7
பாக்டீரியா வளர ஊடகம் தயாரித்தேன்: ஸ்டார்ச், கேசீன் என்ற பால் புரதம், கெட்டியாக்க அகார். தண்ணீரில் பாதி, வடிகட்டிய காசிமேட்டுக் கடல்நீர்; கழிமுகத்து உயிர்களுக்கு உப்பு வேண்டுமே. கிருமி நீக்க, நீராவி அழுத்தக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், பூஞ்சையை அடக்க நிஸ்டாடின். மொத்தம் 40 தட்டுகள். சரி, இனி அவை பாடு.

ஜனவரி 10
தட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. இவை மெதுவாக வளர்பவை, ஒரு வாரமாவது ஆகும்.

இன்று அப்பாவின் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சர்க்கரைப் புண்ணில் சீழ் பிடித்து, காலை எடுக்க வேண்டிவரும் என்று சொன்ன வாரம் அது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'; ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. எதற்கும் மசியாத ஸ்டாஃப், அதாவது சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா. கடைசியில் அதை அடக்கியது வான்கோமைசின் என்ற மருந்து. அதைத் தரும் பாக்டீரியா 1950-களில் போர்னியோ தீவின் மண்ணிலிருந்து கிடைத்தது. யாரோ ஒருவர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்ததால்தான் அப்பா இன்றும் வியாசர்பாடி மார்க்கெட்டுக்கு நடந்து போய்வருகிறார். என்னால் இதைச் சாதாரணமாக நினைக்கவே முடியவில்லை.

ஜனவரி 15
பொங்கல் விடுமுறை. காவலர் அண்ணனிடம் சொல்லி லேபைத் திறக்க வைத்தேன். வந்திருக்கின்றன! கோலமாவு தூவியதுபோல வெள்ளையாக, சாம்பல் நிறமாக, ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாக. ஊசியால் இழுத்தால் அகாரைக் கவ்விக்கொண்டு வர மறுக்கின்றன. 23 பிரித்தெடுத்தேன்.

ஜனவரி 24
தட்டின் நடுவே ஒவ்வொன்றையும் கோடாக வளர்த்து, குறுக்கே ஸ்டாஃப் இழுத்தேன். 22 தட்டுகளில் ஸ்டாஃப் நடுக்கோடுவரை வளர்ந்துவிட்டது. ஐந்தாவது பையிலிருந்து வந்த 17-ஆம் எண்ணில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அந்தத் தெளிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் சொல்லவில்லை, லேபில் எனக்கு வழிகாட்டும் மேடத்திடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 2
ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் ஸ்டாஃப் ஒன்று மேடம் வைத்திருக்கிறார். அதை 17-க்குக் குறுக்கே இழுத்திருந்தோம். ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் 17 சுரப்பது அநேகமாக ஸ்ட்ரெப்டோமைசினேதான், டிபிக்கு ஊசியாகப் போட்ட பழைய மருந்து. 1943-இல் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டுபிடித்தது. மண்ணிலிருந்து எடுக்கும் ஆக்டினோமைசீட்டுகளில் (ஸ்ட்ரெப்டோமைசிஸ் அடங்கிய பாக்டீரியாக் கூட்டம்) சுமார் நூற்றில் ஒன்று அதைத் தயாரிக்கும் என்று படித்திருக்கிறேன். படித்திருந்தும் அழுகை வந்துவிட்டது. மேடம் டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம், மண்ணில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நம் தட்டுகளில் வளர்வதே இல்லை, ஊடகத்தை மாற்றிப் பார் என்றார்.

பிப்ரவரி 8
மறுபடி காட்டுக்குப்பம். அண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "கெடச்சுதாம்மா மருந்து?"

"கெடச்சுது அண்ணே. ஆனா ஏற்கெனவே இருக்கிற மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின்."

"டிபிக்குப் போடுற ஊசியா? எங்க நைனாவுக்குப் போட்டாங்க." குனிந்து சேற்றைக் கையில் அள்ளிப் பார்த்தார். "இதுலயா இருந்துச்சு?"

அப்புறம் பையைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.